இரட்டைக் குதிரையும் ஒரு டஜன் முட்டையும்

1

ஜூலையில் எங்கள் மகள் கயலுக்குப் பதினாறு வயது முடிந்தது. நாங்கள் ஃபிரிஸ்கோ வந்த வருடமே அவள் பிறந்தாள். அதனால் அவள் பிறந்தநாள் வரும்போதெல்லாம், இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடமாச்சா என்று நானும் என் மனைவி தேவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். இந்த வருடம் அதற்கு நேரமில்லை. டெக்சாஸில் பதினாறு என்றால் தனியாகக் கார் ஓட்டும் வயது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. பால் வாங்கும் கடை எங்கள் மாடி ஜன்னலில் இருந்து தெரியும். நடுவில் ஆறு வரிசை ரோடு. நடந்து போனால், வண்டி நின்றுவிட்டதா, உதவி வேண்டுமா என்று யாராவது காரை ஓரங்கட்டிக் கேட்பார்கள். கார் ஓட்டத் தெரியாதவர் இங்கே வீட்டுச் சாமான்களில் ஒன்று.

பிள்ளைக்குப் பெற்றவர்களே ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம் என்று இங்கே ஒரு ஏற்பாடு உண்டு. முப்பது மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டவைத்து, தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். தேவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். நான் கார் மெக்கானிக். ஆகவே பயிற்சி கொடுப்பவர் என்ற கட்டத்தில் என் பெயர் ஏறியது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அரசாங்கத் தாளில் வாத்தியார் ஸ்தானத்தில் என் பெயரைப் பார்த்ததும், அது என் பெயர்தானா என்று இன்னொரு தடவை படித்தேன்.

எனக்குக் கவலைப்படுவது ஒரு வியாதி. இருமினால் நிமோனியா, போன் வந்தால் சாவுச் செய்தி. ஆனால் கார் விஷயத்தில் என் பயத்துக்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் மோதிய வண்டிகள். வெடித்துத் தொங்கும் ஏர்பேக், நசுங்கிய கதவு, சீட்டுக்கடியில் ஒற்றைச் செருப்பு. காலை ஏழு மணிக்கு அதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மகள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

"பிரேக்கு... பிரேக்கு... கயலு, பிரேக்கு!"

"அப்பா, தி லைட் இஸ் கிரீன்."

"பச்சைன்னா போய்த்தான் ஆகணும்னு சட்டமா?"

"எஸ், அப்பா. லிட்டரலி எஸ்."

இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் என்று கிளம்பி, இருபது நிமிஷத்தில் வீட்டுக்குத் திருப்பிவிடுவேன். மழை வரும் போலிருக்கு. வெயில் கண்ணைக் கூசுது. இன்னிக்கு எல்லாரும் வேகமாகப் போறாங்க. தேவி ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, நீங்க அவளுக்கு ஓட்டக் கத்துக்குடுக்கிறீங்களா, பயப்படக் கத்துக்குடுக்கிறீங்களா?"

கயலுக்கோ அவசரம். அவள் மாட்டு டாக்டர் ஆகவேண்டும் என்று நாலு வருடமாகச் சொல்லிவருகிறாள். வெட் என்பாள், எனக்கு மாட்டு டாக்டர்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. ஆகஸ்டிலிருந்து தினமும் காலையில் பத்து மைல் தள்ளியிருக்கும் மிருக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பள்ளி வண்டி வராது. நானும் தேவியும் அந்த நேரத்தில் வேலையில் இருப்போம். லைசென்ஸ் நகல் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு. அதற்கு முந்தின புதன்கிழமை ரோடு டெஸ்ட். எங்கள் தாளிலோ இருபத்தாறு மணி நேரம்தான் எழுதியிருந்தது. நாலு மணி நேரம் பாக்கி. அந்த நாலு மணி நேரத்தை நான்தான் பிடித்துவைத்திருந்தேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

2

இதற்கு நடுவில் எங்கள் வீட்டுக்கு இன்னொரு வண்டி வந்து சேர்ந்தது.

வால்ட் என்று ஒரு கிழவர். பட்டறையின் பழைய வாடிக்கையாளர். மனைவி இறந்தபிறகு, வடக்கே இருபது மைல் தள்ளி, வயதானவர்கள் தங்கும் குடியிருப்புக்குப் போய்விட்டார். அவருடைய பழைய வீட்டை விற்பதற்கு முன் கராஜைக் காலி செய்ய என்னைக் கூப்பிட்டார். படுதாவை இழுத்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

கவிழ்த்துவைத்த வாளி மாதிரி முதுகு. தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. துணிக் கூரை. எலி கடித்த சீட்டு. தெஷ்வோ!

புதுச்சேரிக்காரனுக்குத்தான் அந்தச் சந்தோஷம் புரியும். பிரெஞ்சில் 'இரண்டு குதிரை' என்று அர்த்தம். வரி போடுவதற்காக அரசாங்கம் வைத்த கணக்கில் அது இரண்டு குதிரைச் சக்தி வண்டி. அதுவே பெயராகிவிட்டது. வால்ட் வாலிபத்தில் பிரான்சில் வேலை பார்த்தபோது வாங்கி, திரும்பும்போது கப்பலில் கூடவே கொண்டுவந்திருக்கிறார். அவர் கல்யாணம் பேசியதே அந்த வண்டியில்தானாம்.

"இதைத் தொட ஒருத்தரும் தயாரில்லை. நீ எடுத்துக்கோ" என்றார். "ஓடவைத்து, என்னை ஒரு ரவுண்டு கூட்டிப்போ. அது போதும்."

டெக்சாஸில் ஆயிரம் மெக்கானிக் இருக்கலாம். அந்த வண்டியின் கியரைக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்தவன் அன்றைக்கு அந்த கராஜில் நின்றுகொண்டிருந்தான். வாழ்க்கையில் இப்படி ஒரு தடவையாவது நடக்கவேண்டும்.

3

எனக்கு இந்த வண்டி பழக்கமானது சவரிராயன் ஐயாவால். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நான் சொந்தமாக மெக்கானிக் கொட்டகை போட்டிருந்த காலம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குபவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் சொல்தா; நாங்கள் கூப்பிடுவது மெசியே, பிரெஞ்சில் ஐயா. ஊர் திரும்பும்போது ஒரு தெஷ்வோவோடு வந்தவர். வாரத்துக்கு ஒருமுறை அது நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை அவர் என் கொட்டகையில் உட்கார்ந்து கதை அளப்பார்.

"டேய் குமாரு, இத காருன்னு சொல்லாத. நாலு சக்கரத்து மேல ஒரு குடை. அந்தக் கம்பெனி மொதலாளி அப்படித்தான் கேட்டானாம், தெரியுமா?"

"கொடை ஒழுவுதே மெசியே."

"ஒழுவாத கொடை எந்தக் கடையில விக்கிறான், சொல்லு!"

அவர் சொன்னதெல்லாம் புருடா என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது கயல் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்ததில் முக்கால்வாசி நிஜம். முப்பதுகளில் பிரான்சில் சந்தைக்கு மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் போய்க்கொண்டிருந்த விவசாயிகளுக்காக யோசித்த கார் அது. இரண்டு பேர், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு ஏறவேண்டும். ஓட்டிப் பழகாதவரும் ஓட்டவேண்டும். உழுத வயலில் குறுக்கே போனாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக்கூடாது. இதுதான் முதலாளி போட்ட நிபந்தனை. இஞ்சினியர்களிடம் வேகம் எவ்வளவு என்று கேட்காமல், முட்டை தாங்குமா என்று கேட்டிருக்கிறார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. அவரும் என்னைப் போலக் கவலைப்படும் ஜாதி.

வண்டி தயாராகும் நேரத்தில் யுத்தம் வந்துவிட்டது. ஜெர்மன்காரர்கள் கையில் சிக்கக்கூடாது என்று செய்துவைத்ததை உடைத்தார்கள், சிலவற்றை ஒளித்தார்கள். ரொம்பக் காலம் கழித்து ஒரு கொட்டகையின் மேல்தளத்தில் மூன்று வண்டிகள் கிடைத்தனவாம். யுத்தம் முடிந்து, 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் திரையை விலக்கினார்கள். சிரித்தார்கள். தகர டப்பா, திறப்பதற்குக் கருவியும் கூடக் கொடுப்பீர்களா என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டாராம். சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். வருடக்கணக்கில் காத்திருப்பு. அந்த வரிசையில் யாருக்கு முதலிடம் என்று ஒரு பட்டியல் வைத்தார்கள்: கிராமத்து டாக்டர், மாட்டு டாக்டர், மருத்துவச்சி, பாதிரியார்.

இந்த இடத்தைக் கயல் வாசித்துக்காட்டியபோது தேவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். கிரீன் கார்டுக்காக நாங்களும் வருடக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள். அவள் நர்ஸ் என்பதால்தான் கதவு திறந்தது. அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் என்று நான் நுழைந்தேன். "பாத்தீங்களா, அங்கயும் எங்க ஆளுங்களுக்குத்தான் மொதல்ல" என்றாள்.

"லிஸ்ட்ல வெட்டும் இருக்கு" என்றாள் கயல், என்னைப் பார்த்து.

நான் சாம்பாரைப் பார்த்தேன்.

முட்டைக் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சவரிராயன் ஐயா ஒருநாள் பந்தயம் கட்டி, ஒரு கூடை முட்டையைப் பின்சீட்டில் வைத்து அரியாங்குப்பம் வரை போய்த் திரும்பினார். ஒன்றுகூடத் தேறவில்லை. கீழே இறங்கி மீசையைத் தடவிக்கொண்டு, "வண்டி மேல தப்பே இல்ல. இந்த ஊரு கோழி சரியில்ல" என்றார். அன்று கொட்டகை முழுக்க ஆம்லெட். கயல் இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள். சமீபத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

4

வண்டியை என் பெயருக்கு மாற்ற கவுண்ட்டி, அதாவது மாவட்ட, அலுவலகம் போனோம். ஆங்கிலத்துக்குக் கயல் துணை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள்தான் என் வக்கீல்.

முதல் சிக்கல் வண்டிக்கு. இந்தக் காலத்துக் கார்களுக்குப் பதினேழு எழுத்தில் அடையாள எண் உண்டு. கம்ப்யூட்டர் பதினேழு கட்டம் காட்டுகிறது. தெஷ்வோவின் தகட்டில் அதில் பாதிகூட இல்லை.

இரண்டாவது சிக்கல் எனக்கு. என் பாஸ்போர்ட்டில் முத்துக்குமரன் என்று ஒரே பெயர். அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கு அமெரிக்காவில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்துப் போடுவார்கள். என் லைசென்ஸில் அதுதான் என் முதல் பெயர். வங்கியில் நான் மிஸ்டர் ஃப்னு. வால்ட் இத்தனை வருடமும் என்னை 'ஃபூனூ' என்றுதான் கூப்பிடுகிறார். திருத்தினால் வருத்தப்படுவாரோ என்று விட்டுவிட்டேன்.

கவுண்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். எனக்கு வேர்த்துவிட்டது. திருட்டு வண்டி என்று நினைத்துவிடுவாரோ, போலீஸைக் கூப்பிடுவாரோ, கிரீன் கார்டுக்கு ஆபத்தோ. கயல் கைப்பையைக் கவுண்ட்டரில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: வண்டி பழசு, நம்பர் சின்னது, அப்பா பெயர் ஒன்றுதான், அவருக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து மூத்தவர் ஒருவர் வந்து ஏதோ தட்டினார். முடிந்தது.

வெளியே வந்ததும் கயல், "பாத்தீங்களா? நத்திங் ஹேப்பண்ட்" என்றாள்.

எதுவும் நடக்காததை நான் எப்போதும் சரியாகக் கவனிப்பதில்லை.

5

வண்டியைத் தயார் செய்ய ஆறு வாரம் ஆனது. எலிக் கூட்டை எடுத்தேன், கார்புரேட்டரைக் கழுவினேன், கூரைத் துணியைத் தேவி நைலான் நூலில் தைத்தாள். சனி, ஞாயிறில் கயலும் கராஜுக்கு வந்துவிடுவாள். குடைக்கம்பி மாதிரி டேஷ்போர்டில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கியரை இழுத்து, தள்ளி, திருப்பி, பள்ளிக்கூடத்தின் காலி மைதானத்தில் மூன்றே நாளில் பழகிவிட்டாள். காப்பீட்டில் அவள் பெயரைச் சேர்த்தேன். சேர்த்தாகிவிட்டதா என்று இரண்டு தடவை போன் செய்தும் கேட்டேன்.

டெஸ்ட்டுக்கு முந்தின சனிக்கிழமை. தேவிக்கு அன்று ஷிஃப்ட். ஹனுமார் கோயிலில் வாகன பூஜை, பிறகு வால்டைப் பார்க்கப் போவது, வழியெல்லாம் கயல் ஓட்டுவது என்று பேச்சு. நான் வெள்ளிக்கிழமையே இந்தியக் கடையில் சாமந்தி மாலை இரண்டு வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றும் கல்யாண மாப்பிள்ளைக்குப் போடும் கனம். அதோடு எலுமிச்சை மிளகாய்ச் சரம். சக்கரத்துக்கு நாலு எலுமிச்சை. விளக்குகளுக்கு நடுவே மூக்கு மாதிரி இருக்கும் கம்பி வலையில் மாலை இரண்டையும் குறுக்கும் நெடுக்கும் கட்டி, கம்பி போட்டு முறுக்கினேன். காற்றில் விழுந்துவிட்டால் அபசகுனம் பாருங்கள்.

குருக்கள் தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். வண்டியைச் சுற்றித் தீர்த்தம் தெளித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவர், பின்சீட்டில் கயலின் ஸ்வெட்டருக்கு அடியில் எதையோ கண்டு நின்றார்.

"அது என்னம்மா டப்பா?"

"எக்ஸ்" என்றாள் கயல்.

எனக்கு உயிர் போயிற்று. ஒரு டஜன் முட்டை. கோயில் வாசலில். ஆஞ்சநேயர் பூஜையில்.

"ஏய், கோயிலுக்கு முட்டையாடீ எடுத்துக்குனு வந்த!"

"கோயிலுக்கு இல்லப்பா, காருக்கு. சொல்தா டெஸ்ட். நான் ஓட்டி ஒண்ணுகூட உடையலன்னா நீங்க சைன் பண்ணணும்."

நான் தோள்துண்டை எடுத்து டப்பாவை மூடினேன். குருக்கள் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கற்பூரத் தட்டைப் பார்த்தார். "நன்னா மூடிக்கோங்கோ" என்றார். "அவரும் பார்க்கலை, நானும் பார்க்கலை."

சாவியை வாங்கக் கயல் கையை நீட்டினாள். நான் மணியைப் பார்த்தேன்.

"இன்னும் ராகு காலம் முடியல. எலுமிச்சை மேல வண்டிய ஏத்தணும், அத நான் பண்றேன். வால்ட் வீடு வரைக்கும் நான். அங்கேருந்து நீ."

"யூ ப்ராமிஸ்ட்."

"அங்கேருந்து நீதான்னு சொல்றேன்ல?"

அவளுக்குத் தெரியும், அங்கே போனால் வெயில் அதிகமாகிவிடும், லாரி அதிகமாகிவிடும். பக்கத்துச் சீட்டில் ஏறி, காதில் இயர்போனை மாட்டினாள். நான் எலுமிச்சையை நசுக்கி வண்டியைக் கிளப்பினேன். வாகன நிறுத்தத்தின் முனையில் ஒரு அணில் குறுக்கே ஓடியது. ஏறி மிதித்தேன் பிரேக்கை. பின்னால் ஏதோ நொறுங்கியது.

கயல் திரும்பி, துண்டை விலக்கி, டப்பாவைத் திறந்து பார்த்தாள். "ரெண்டு போச்சு" என்றாள். "தட்ஸ் யூ. நாட் மீ."

6

பிராஸ்பர் என்ற ஊரைத் தாண்டினால் புது வீடுகளுக்காக மண்ணைக் கிளறிப்போட்ட வெளி. மரம் கிடையாது. கூரையைச் சுருட்டிவிட்டிருந்தும் அனல். முதலில் வந்தது வாசனை. சூடான எண்ணெய் வாசனை. இந்த வண்டியில் சூடு காட்டும் முள் கிடையாது, மூக்கால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் இஞ்சினில் டொக்கு டொக்கு. அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. மண் ஓரத்தில் இறக்கினேன். தானாகவே நின்றுவிட்டது.

பானெட்டைத் திறந்தேன். பிளக்கைத் தொட்டுச் சுட்டுக்கொண்டேன். எண்ணெய் போட்டோமே, சரியான அளவுதானே. கார்புரேட்டரில் தூசியா. பிஸ்டன் பிடித்துக்கொண்டதா. பிடித்துக்கொண்டால் உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும். வால்டுக்கு என்ன சொல்வது. இந்த வெயிலில் பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன செய்வது. ஒரு லாரி பக்கத்தில் உரசுகிறமாதிரி போனது. "ரோட்டுப் பக்கம் நிக்காத! இந்தப் பக்கம் வா!" என்று கத்தினேன்.

அவள் வண்டிக்கு முன்னால் மண்ணில் குந்தி உட்கார்ந்து, அடிபட்ட நாயைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வேர் டஸ் இட் ப்ரீத்?"

"என்னது?"

"எப்படி மூச்சு விடும் இது?"

"இதுக்கு ரேடியேட்டர், தண்ணி எதுவும் கிடையாது. காத்துதான். முன்னாடி ஃபேன் இருக்கு, அது மூக்கு வழியா..."

கையை நீட்டிக் காட்டினேன். மூக்கு இருந்த இடத்தில் இரண்டு கல்யாண மாலை இருந்தது.

"மூக்க மூடிட்டீங்கப்பா" என்றாள் மெதுவாக.

புதுச்சேரியில் பன்னிரண்டு வருடம் இந்த வண்டியைப் பார்த்தவன் நான். குளிர் தேசத்தில் பனிக்காலத்துக்கென்று இதன் மூக்குக்கு ஒரு துணி உறை உண்டு. வெயில் வந்ததும் கழற்றாவிட்டால் இஞ்சின் போய்விடும் என்று சவரிராயன் ஐயா எனக்குச் சொல்லியும் இருக்கிறார். டெக்சாஸ் ஜூலையில், நான் அதற்குச் சாமந்தியில் கம்பளி போர்த்தி, கம்பி போட்டும் முறுக்கியிருக்கிறேன்.

கயல் கம்பியை அவிழ்த்தாள். மாலையை எடுத்ததும் உள்ளே இன்னும் மோசம். இதழ் இதழாக உறிஞ்சப்பட்டு, காற்றாடிக்குப் பின்னால் அடை மாதிரி அப்பியிருந்தது. தலைமுடியில் இருந்து கிளிப்பை எடுத்து, ஒவ்வொன்றாகக் கெல்லி எடுத்தாள். அவசரமே இல்லை அவள் கையில். "இட்ஸ் ஓக்கே, இட்ஸ் ஓக்கே" என்று வண்டியிடம் சொல்லிக்கொண்டே எடுத்தாள்.

ஆறுகிறவரை கதவைத் திறந்துவைத்து, அதன் நிழலில் உட்கார்ந்தோம். பாதி தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"ஏம்ப்பா என்ன ஓட்டவே விடமாட்டேங்கிறீங்க? நான் மோசமா ஓட்டுறேனா?"

"இல்லம்மா. நல்லாத்தான் ஓட்டுற."

"தென் வொய்?"

சொன்னேன். ஏர்பேக், நசுங்கிய கதவு, ஒற்றைச் செருப்பு எல்லாம். வீட்டில் தேவியிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. "தினமும் என் கண்ணு முன்னாடி வர்ற காரெல்லாம் அடிபட்ட காரும்மா."

கொஞ்ச நேரம் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னாள்: "தி ஒன்ஸ் தட் கெட் ஹோம்... வீட்டுக்கு ஒழுங்காப் போய்ச் சேர்ற காரு உங்க ஷாப்புக்கு வராதுல்லப்பா. யூ நெவர் சீ தெம்."

முப்பது வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். இது எனக்குத் தோன்றவில்லை.

எழுந்து சாவியைக் கொடுத்தேன். ராகு காலம் முடிந்து ரொம்ப நேரமாகிவிட்டிருந்தது.

இரண்டாவது தடவையிலேயே வண்டி உயிர் பெற்றது. அரை மைல் போனதும் ரோட்டு வேலை. மாற்றுப்பாதை என்று அம்புக்குறி மண்ணுக்குள் இறங்கச் சொன்னது. புல்டோசர் போன தடத்தில் வரப்பும் பள்ளமுமாக, உழுத வயலேதான். தெஷ்வோ தலையை ஆட்டி ஆட்டி, படகு மாதிரி ஏறி இறங்கியது. என் வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. முட்டை டப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"அப்பா, முன்னாடி பாருங்க. வாமிட் வந்துடும்."

முன்னால் பார்த்தேன். இரண்டாவது கியரை அவள் இழுத்தது எனக்குக் காதில் விழவே இல்லை. அவ்வளவு பூப்போல.

7

வால்ட் குடியிருப்பின் வாசலில் நாற்காலி போட்டு, சட்டைக்குக் கழுத்துப்பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, திரும்ப உட்கார்ந்தார். பிறகு வண்டியின் மூக்கில் ஒட்டியிருந்த ஒரு சாமந்தி இதழை எடுத்துப் பார்த்து, "ஃபூனூ, இதற்குக் கல்யாணமா செய்தாய்?" என்றார்.

கயல் டப்பாவைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். உடைந்தது இரண்டு. மற்ற பத்தும் முழுசு. கதையை அவள் விளக்கியதும், வால்ட் ஒவ்வொரு முட்டையாகத் தொட்டு எண்ணினார்.

"சரி. ரவுண்டுக்கு யார் ஓட்டுவது?" என்றார்.

கயல் என்னைப் பார்த்தாள். முன்சீட்டில் இரண்டு பேர்தான். பின்சீட்டில் எனக்கு இடம் இருந்தது. ஆனால் வால்ட் என்னைப் பார்த்த பார்வையில் அது இல்லை. அவருக்கு அந்த வண்டியில், கல்யாணம் பேசிய நாளின் நினைவோடு மட்டும் போகவேண்டியிருந்தது.

"லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்கணும், அதான் சட்டம்" என்றேன்.

வால்ட் பர்ஸை எடுத்து, தன் லைசென்ஸை என் முகத்துக்கு நேரே நீட்டினார். காலாவதி தேதியைப் படித்தேன். இன்னும் இரண்டு வருடம் இருந்தது. வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

போனார்கள். நான் நடைபாதையில் முட்டை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் முனை திரும்பும்வரை கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. அவள் ஓட்டும் வண்டியில் நான் இல்லாமல் இருப்பது அதுதான் முதல் தடவை. முட்டைகளை எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்துதான்.

பன்னிரண்டு நிமிஷம். பிறகு அந்த டுப்டுப் சத்தம். வால்ட் துணிக் கூரை வழியாகக் கையை மேலே நீட்டி ஆட்டிக்கொண்டே வந்தார். கண் சிவந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

பயிற்சித் தாளை எடுத்து, டப்பாவின் மேல் வைத்து அவள் என்னை ஓட்டிவந்த நேரத்தை அங்கேயே எழுதினேன். திரும்பி வந்த வழியும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டியதும் சேர்ந்து முப்பது நிறைந்தது. கையெழுத்துப் போட்டேன். ஓரத்தில் மஞ்சள் கருக் கறை.

புதன்கிழமை லைசென்ஸ் அலுவலகத்தில் அந்தக் கறையை விரலால் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டார்கள். "எக்" என்றாள் கயல். என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, நீங்க வெளியில போய் உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். பாஸ்.

இது நடந்து மூன்று வாரம். தெஷ்வோ ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வருகிறது. மூக்கில் ஒரு பொட்டுக் குங்குமம், வேறு எதுவும் இல்லை. கயல் தினமும் காலையில் தேவியின் பழைய வெள்ளைக் காரில் போகிறாள். முதல் நாள் எலுமிச்சை வைக்கட்டுமா என்று கேட்டேன். "ஒண்ணு" என்றாள். ஒன்றுதான் வைத்தேன்.

போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பண்ணுவதில்லை. எட்டு மணிக்கு நான் ஏதோ ஒரு நசுங்கிய கதவுக்கு அடியில் குனிந்திருக்கும்போது, சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிரும். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்ப்பேன். எழுத்து எதுவும் இருக்காது. முழுசாக, விரிசல் இல்லாமல், ஒரே ஒரு முட்டைப் படம்.